பணக்கார விதவைக்கு வந்த கடிதக் கட்டை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் நேரம் பற்றிய கேள்வி. அமெரிக்கக் கொடையாளர்களைப் பற்றி ஆய்வு செய்கிறீர்கள். கணவர் இறந்தபின் பெருஞ்சொத்துக்கு உரிமையான ஓர் அம்மாளின் காகிதங்களைப் பார்க்கக் காப்பகத்துக்குப் போகப் போகிறீர்கள். அட்டவணையில் "இரங்கல், வாழ்த்து, கோரிக்கை" என்று மூன்று பெட்டி இருக்கிறது. உங்கள் வழிகாட்டியோ, "அதெல்லாம் சம்பிரதாயக் கடிதம், ஒன்றைப் படித்தால் நூறைப் படித்த மாதிரி, விட்டுவிடு" என்கிறார். கையில் இருப்பது பத்து நாள். படிப்பதா, விடுவதா? ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: "உதவி கேட்டு எழுதுகிறவர்கள் நடிக்கிறார்களா, நிஜமாகச் சொல்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வரலாற்றாசிரியன் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் கையெழுத்துப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடும்பக் காகிதங்களைப் பிரித்து, தூசி தட்டி, அடுக்கி, அட்டவணை போடுகிறேன். நீங்கள் போகும் காப்பகத்தின் அந்தக் குறிப்பிட்ட பெட்டிகளை நான் பார்த்ததில்லை. ஆனால் அட்டவணை எழுதுகிறவன் என்ற முறையில், அட்டவணையை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும். கொஞ்சம்தான் நம்பலாம்.

அதற்கு என் சொந்தத் தவறையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு குடும்பத்தின் காகிதங்கள் தகரப் பெட்டியில் வந்தன. கணவர் இறந்த வாரத்திலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு அந்த அம்மாளுக்கு வந்த தபால் முழுவதும் தேதிவாரியாக நாடா போட்டுக் கட்டியிருந்தது. வந்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆய்வாளர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்ற ஆர்வக்கோளாறில் நான் கலைத்தேன். துக்கம் விசாரித்தவை ஒரு பெட்டி, வாழ்த்தியவை ஒரு பெட்டி, காசு கேட்டவை ஒரு பெட்டி. மூன்றாவது பெட்டியை முடிக்கும்போது ஒரு கையெழுத்தைப் பார்த்துக் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தின் வாலையும் கீழே இழுத்து இடப்பக்கம் சுழிக்கும் கை. முதல் பெட்டியில் இதே சுழிப்பைப் பார்த்திருக்கிறேன். தேடினால் இரண்டாவதிலும் ஒன்று. தையல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஒரு பெண் முதலில் இரங்கல் எழுதியிருக்கிறார். பத்து மாதம் கழித்து அந்த அம்மாள் ஊர் நூலகத்துக்குப் பணம் கொடுத்த செய்தி வந்ததும் வாழ்த்து எழுதியிருக்கிறார். அதற்கும் நான்கு மாதம் கழித்து, தம்பியின் சிகிச்சைக்குப் பணம் கேட்டிருக்கிறார். ஒரே ஆள், ஒரே கதை. நான் அதை மூன்றாக வெட்டிவைத்திருந்தேன்.

ஆகவே முதல் விஷயம், அந்த மூன்று தலைப்பும் கடிதம் எழுதியவர்கள் போட்டது இல்லை. செயலாளரோ, வழக்கறிஞரின் குமாஸ்தாவோ, என்னைப் போன்ற ஒருவரோ பிறகு போட்டது. எழுதியவருக்கு அது ஒரே உறவின் மூன்று கட்டம். மூன்று பெட்டியையும் தனித்தனியாகப் படித்தால் வழிகாட்டி சொல்வது சரிதான், சம்பிரதாயம்தான் கண்ணில் படும். தேதியை வைத்தும் பெயரை வைத்தும் குறுக்கே படித்தால்தான் விஷயம் தெரியும்.

தேதிக்கு நல்ல உதாரணம் மார்கரெட் ஒலிவியா சேஜ். கணவர் ரஸ்ஸல் சேஜ் நியூயார்க்கின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், கஞ்சத்தனத்துக்கும் பேர்போனவர். 1891 டிசம்பரில் ஒருவன் அவர் அலுவலகத்துக்குள் வெடிமருந்துப் பையோடு வந்து 12 லட்சம் டாலர் கேட்டான், கிடைக்காமல் வெடிக்க வைத்துத் தானும் செத்தான். சேஜ் தன்னைப் பிடித்து இழுத்துக் கேடயமாக நிறுத்திக்கொண்டார் என்று, படுகாயமடைந்த லெய்ட்லா என்ற குமாஸ்தா வருஷக்கணக்காக வழக்காடினார். கடைசிவரை ஒரு காசு கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் 1906 ஜூலை 22 அன்று இறந்தார். பிள்ளைகள் இல்லை. ஆறு கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்து, நிபந்தனை ஏதுமில்லாமல் மனைவிக்கு வந்தது. அப்போது அவருக்கு 77 வயது. உயில் நீதிமன்றத்துக்குப் போனதும் பொது ஆவணம். பத்திரிகைகள் தொகையை அச்சிட்டன. தபால் குவிய ஆரம்பித்தது. 1883 முதல் முதல் உலகப்போர்க் காலம் வரை அந்த நாட்டில் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு இரண்டு சென்ட்தான் தபால்தலை. இரண்டு சென்டுக்குக் கோடீஸ்வரியின் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றால் யார்தான் தட்ட மாட்டார்கள்?

எனவே கட்டைப் பிரிக்கும் முன் ஒரு தாளில் நான்கு தேதி எழுதிக்கொள்ளுங்கள்: இறந்த நாள், அடக்கம் நடந்த நாள், உயில் விவரம் பத்திரிகையில் வந்த நாள், முதல் பெரிய நன்கொடை அறிவிக்கப்பட்ட நாள். இறந்த நாளுக்கும் உயில் செய்திக்கும் நடுவில் எழுதியவருக்கு, பணம் யாருக்குப் போகிறது என்று உறுதியாகத் தெரியாது. அந்தச் சில நாள் கடிதங்களின் குரலையும், தொகை அச்சான பிறகு வந்த இரங்கலின் குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. வித்தியாசம் இல்லாவிட்டால் அது இன்னும் பெரிய கண்டுபிடிப்பு.

இரங்கல் கடிதத்தில் இன்னொன்றையும் எண்ணலாம். இறந்தவர் கஞ்சர் என்று ஊருக்கே தெரியும்போது எழுதுகிறவர் என்னதான் எழுதுவார்? இறந்தவரைப் பற்றி எத்தனை வரி, இருக்கிறவரைப் பற்றி எத்தனை வரி என்று கணக்கெடுங்கள். இறந்தவரைப் பற்றி ஒரே ஒரு பொதுவான வரி, பிறகு முழுக்க "உங்கள் உடல்நலம், உங்கள் மனவுறுதி, உங்கள் பொறுப்பு" என்று போனால், எழுதியவர் துக்கத்தை முடித்துக்கொண்டு எதிர்காலத்துக்குப் போய்விட்டார். "பொறுப்பு" என்ற சொல் வருகிற இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள் (உங்கள் நோட்டில், காகிதத்தில் குறித்தால் எங்கள் ஆட்கள் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்). பணம் என்ற சொல்லே வராமல் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு அந்தக் காலத்தில் அதைவிட வசதியான சொல் இருக்கவில்லை.

தாளையும் பாருங்கள், எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். விளிம்பில் கருப்புக் கரை போட்ட தாள் அன்றைக்கு எல்லாக் கடைகளிலும் கிடைத்தது. துக்கம் புதிதென்றால் கரை அகலமாக இருக்கும், நாள் போகப் போகக் குறுகும். அதைப் பயன்படுத்துகிறவர் பெரும்பாலும் தானே துக்கம் காக்கிறவர். எனவே அந்த அம்மாள் அனுப்பிய பதிலில் கருப்புக் கரை இருந்தால் அதிசயமில்லை. அவருக்கு வந்த கடிதத்தில் கரை இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். பலநேரம் அதை எழுதியவரும் அண்மையில் யாரையோ பறிகொடுத்தவர். நான் அட்டவணைப்படுத்திய கட்டுகளில் மிக நெருக்கமான, மிகக் குறைவாகச் சம்பிரதாயம் பேசும் கடிதங்கள் அப்படிப்பட்ட தாளில் வந்தவைதான். மரியாதைக்காகவும் கரைத்தாளில் எழுதியவர்கள் உண்டு என்பதால் இதை விதியாகக் கொள்ளாதீர்கள், தடயமாக மட்டும் கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. அட்டவணையில் அவர் "திருமதி ரஸ்ஸல் சேஜ்" என்று கணவர் பெயரில்தான் இருப்பார். நிறுவிய அமைப்புக்கும் கணவர் பெயர்தான். கடிதம் எழுதியவர் எந்தப் பெயரில் விளிக்கிறார் என்பதைக் கவனித்தால், அவர் எந்தக் காலத்து அறிமுகம் என்பது தெரிந்துவிடும். ஒலிவியா ஸ்லோகம் என்ற பிறந்தவீட்டுப் பெயரைத் தொட்டு எழுதுகிறவர், நியூயார்க் மாநிலத்து டிராய் நகரப் பெண்கள் பள்ளியில் 1847 வாக்கில் கூடப் படித்தவராக இருக்கலாம், அல்லது கல்யாணத்துக்கு முன் அவர் ஏறக்குறைய இருபது ஆண்டு ஆசிரியையாக உழைத்த காலத்தில் பழகியவராக இருக்கலாம். அல்லது, உறவுமுறை கொண்டாட வருகிறவராக இருக்கலாம். சேஜ், ஸ்லோகம் குடும்பங்களின் வம்சவரலாறு 1908இல் புத்தகமாகவே அச்சானது. வம்சத்தில் அந்த அம்மாளுக்கு ஈடுபாடு உண்டு என்பது ரகசியமில்லை. அதன் பிறகு "என் பாட்டி ஸ்லோகம் வீட்டுப் பெண்" என்று தொடங்கும் கடிதத்தைப் பார்த்தால், எழுதியவருக்குக் கதவின் சாவி எது என்று தெரிந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பாட்டி நிஜமாகவே ஸ்லோகம் வீட்டுப் பெண்ணாகவும் இருந்திருக்கலாம். சாவி வைத்திருப்பவர் எல்லாம் திருடரா என்ன?

வாழ்த்துக் கடிதப் பெட்டியைத்தான் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. கணவரை இழந்தவருக்கு எதற்கு வாழ்த்து? பிறந்தநாள், கொடை அறிவிப்பு, வழக்கில் வெற்றி. இந்த மூன்றாவதற்கு ஜேன் ஸ்டான்ஃபோர்டின் கதையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரே மகன் 1884இல் பதினைந்து வயதில் டைஃபாய்டில் போனான். அவன் நினைவாக 1891இல் பல்கலைக்கழகம் திறந்தார்கள். 1893 ஜூனில் கணவர் லீலண்டும் இறந்தார். அதே ஆண்டு நாடு முழுக்கப் பொருளாதார நெருக்கடி. சொத்து நீதிமன்றத்தின் பிடியில். கணவர் நடத்திய ரயில்வேக்குக் கொடுத்த கடனுக்காக மத்திய அரசு ஒன்றரைக் கோடி டாலர் கேட்டு அடுத்த ஆண்டு வழக்கும் போட்டது. வீட்டுச் செலவுக்கென்று நீதிமன்றம் மாதம் 10,000 டாலர் அனுமதித்தது. பேராசிரியர்களையும் அவருடைய வீட்டுப் பணியாளர் கணக்கில் சேர்த்து, அந்தப் பணத்தில்தான் சம்பளம் கொடுத்துப் பல்கலைக்கழகத்தை ஓட்டினார். 1896 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வாரம் வந்திருக்கக்கூடிய வாழ்த்தில் பாதி, வாழ்த்துகிறவருக்கே கிடைத்த நிம்மதி. சம்பளம் இனி ஒழுங்காக வரும் அல்லவா. தீர்ப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுக் கோரிக்கைக் கடிதங்களை, கையில் காசு இல்லாத ஒரு கோடீஸ்வரியிடம் போய்க் கேட்டவை என்று படிக்க வேண்டும். மறுத்திருந்தால் அதைக் கல்நெஞ்சம் என்று எழுதிவிடாதீர்கள். கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது நகைகள்தான். 1897இல் அவற்றை விற்கவும் லண்டன் வரை போனார், பெரும்பாலானவை விலைபோகவில்லை.

நன்கொடைக்கு வரும் வாழ்த்து வேறு ஜாதி. கல்லூரித் தலைவர்கள், சங்கச் செயலாளர்கள், பாதிரியார்கள் எழுதுவது. ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்ததற்காக இன்னொரு நிறுவனத்தின் தலைவர் மனமுருகி வாழ்த்துகிறார் என்றால், அடுத்த கடிதம் எப்போது வருகிறது என்று பெட்டியைத் தாண்டிப் போய்த் தேடுங்கள். திருமதி சேஜ் 1907இல் தான் படித்த டிராய் பள்ளிக்கும், அதே ஊரின் பொறியியல் கல்லூரிக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். பத்திரிகையில் வரும் ஒவ்வொரு கொடைச் செய்தியும் அடுத்த கோரிக்கை அலைக்கு விளம்பரம் மாதிரி. இதைப் பட்டியல் போட்டுப் பார்த்தாலே உங்கள் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் தேறும்.

சரி, கோரிக்கைக்கு வருவோம். அம்மாள் அதையெல்லாம் படித்தாரா என்பது முதலில் எழும் சந்தேகம். இதில் உறுதியாகச் சொல்ல முடிந்தது காகிதத்தில் இருப்பது மட்டும். கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மூன்றாக மடித்து, மேல் மடிப்பில் எழுதியவர் பெயர், தேதி, ஒரு வரிச் சுருக்கம், ஓரத்தில் "பதில் போட்டாயிற்று" அல்லது "இல்லை" என்று பென்சிலால் குறித்திருக்கும். அது செயலாளரின் கை. வேறு கை ஒன்று அதில் எங்காவது தலைகாட்டினால், அம்மாள் பார்த்திருக்கிறார். பதில்களின் நகல் இருந்தால் இன்னும் நல்லது: மெல்லிய தாளை ஈரமாக்கிக் கடிதத்தின் மேல் அழுத்தி எடுத்த நகல் புத்தகமாகவோ, பின்னால் வந்த கார்பன் பிரதியாகவோ இருக்கும். அழுத்தி எடுத்த நகலைத் தாளின் பின்பக்கத்திலிருந்து பார்க்கக் கூடாது, முன்பக்கம் ஊடே தெரியும் எழுத்தைத்தான் படிக்க வேண்டும். மை மங்கியிருந்தால் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைக்கக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

யார் வடிகட்டினார் என்பது அதைவிட முக்கியம். திருமதி சேஜுக்கு வந்த கோரிக்கைகள் விஷயத்தில் பெரும்பங்கு வகித்தவர் அவருடைய வழக்கறிஞர் ராபர்ட் டி ஃபாரஸ்ட். அவரேதான் நியூயார்க்கின் தரும அமைப்புச் சங்கத்துக்கும் 1888 முதல் தலைவர். 1882இல் ஜோசஃபின் ஷா லோவெல் தொடங்கிய சங்கம் அது. அவரும் உள்நாட்டுப் போரில் கணவரைப் பறிகொடுத்தவர். கேட்டவுடன் கையில் காசு கொடுப்பது கெடுதல், விசாரித்துத்தான் உதவ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1907இல் ஒரு கோடி டாலரில் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை தொடங்கியபோது, தனிமனிதர் அல்லது குடும்பத்தின் தேவையைத் தீர்ப்பது தங்கள் வேலை இல்லை, வறுமையின் காரணத்தைக் களைவதுதான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். கையேந்தி எழுதியவர்களுக்குக் கிடைத்த மொத்தப் பதில் அது என்றே நான் படிக்கிறேன். உங்கள் பெட்டியில் "விசாரணைக்கு அனுப்பியது" என்ற மாதிரிக் குறிப்பு இருந்தால், அந்தச் சங்கத்தின் கோப்புகளில் அதே ஆளைப் பற்றி வேறு ஒருவர் எழுதிய அறிக்கை கிடைக்க வாய்ப்புண்டு. கேட்டவர் குரலும், வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர் குரலும் இரண்டும் கையில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இப்படிப்பட்ட கடிதக் குவியலை அந்தக் காலத்திலேயே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். ரயில்வே முதலாளி ஹாரிமன் 1909 செப்டம்பரில் இறந்தார். அரைப்பக்கத்துக்கு மிகாத உயிலில் எல்லாவற்றையும் மனைவி மேரிக்கு எழுதிவைத்திருந்தார். மேரி தனக்கு வந்த ஏறக்குறைய 6,000 கோரிக்கைக் கடிதங்களை நியூயார்க்கின் நகராட்சி ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்தார். அதன் இயக்குநர்களில் ஒருவரான வில்லியம் ஆலன் அவற்றை வைத்து 1912இல் ஒரு புத்தகமே எழுதினார்: திறமையாகக் கேட்பது எப்படி, திறமையாகக் கொடுப்பது எப்படி என்று. தேடிப் படியுங்கள், ஆனால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அவருக்குக் கடிதம் என்பது ஒழுங்குபடுத்த வேண்டிய ஒரு நிர்வாகச் சிக்கல். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: ஏழைகளின் மனுக்களை இவ்வளவு சிரத்தையாகப் படிக்கக் கொடுத்த அதே மேரி ஹாரிமன்தான், 1910 முதல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் இருந்த இனமேம்பாட்டுப் பதிவகத்துக்கும் பணம் கொடுத்தவர், குடும்பங்களை "தகுதி உள்ளவை, இல்லாதவை" என்று வரைபடம் போட்ட இடம் அது. கொடையாளரைத் தேவதையாக எழுதிவிடும் ஆசை இந்தத் துறையில் பலருக்கு உண்டு.

அப்புறம், நடிப்பா நிஜமா? தொழில்முறைக் கடிதப் பிச்சைக்காரர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. லண்டனில் 1818இல் தொடங்கிய பிச்சை ஒழிப்புச் சங்கம், செல்வந்தர்களுக்கு வரும் கடிதங்களை விசாரித்துச் சொல்வதற்கென்றே ஒரு பிரிவு வைத்து நடத்தும் அளவுக்கு அந்தத் தொழில் செழித்தது. ஆனால் இரக்கமாக எழுதியிருப்பதை வைத்துப் போலி என்றோ, தப்பும் தவறுமாக எழுதியிருப்பதை வைத்து உண்மை என்றோ முடிவுகட்டாதீர்கள். எழுத்துப்பிழை போடுவதும் ஒரு கலைதான். எழுத வராதவருக்காகப் பக்கத்து வீட்டு ஆசிரியை எழுதிக்கொடுத்திருப்பார். அதனால் அழகான கையெழுத்தும் எதையும் நிரூபிக்காது. நான் கவனிப்பது தொகையை. ஆயிரம், ஐயாயிரம் என்று முழுத்தொகை கேட்பவர் ஒரு கற்பனையைக் கேட்கிறார். 340 டாலர், அடமானப் பாக்கி, இன்ன தேதிக்குள் என்று கேட்பவருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இதுவும் ஏமாற்றத் தெரிந்தவருக்குத் தெரியும் என்பதால், முடிவு அல்ல, தேட ஆரம்பிக்க வேண்டிய இடம்.

எங்கே தேடுவது என்றால், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் பதிவுகள் 72 ஆண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன. 1900ஆம் ஆண்டுக் கணக்கில், வீடு சொந்தமா வாடகையா, சொந்தமென்றால் அடமானம் உண்டா, பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். "ஏழு பிள்ளைகளில் மூன்று மிச்சம்" என்று எழுதிய தாயை நான் அப்படித் தேடிக் கண்டிருக்கிறேன். 7, 3 என்றே இருந்தது. 1893ஐ ஒட்டிய கடிதங்களுக்கு இந்த வசதி குறைவு. 1890ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் எரிந்தும் சேதமாகியும் போனது, மிஞ்சியதையும் பிறகு அழித்துவிட்டார்கள். நகர முகவரிப் புத்தகங்களும் மாவட்ட அடமானப் பதிவேடுகளும்தான் கதி. இப்படிச் சரிபார்த்து வருவதில் ஒரு எல்லை உண்டு. அடமானம் இருந்தது என்று நிரூபிக்கலாம். பணம் வந்தால் அடமானத்தைத்தான் மீட்டிருப்பாரா என்று நிரூபிக்க முடியாது.

எண்ணிக்கை வைத்து வாதம் செய்யும் முன் இன்னொரு எச்சரிக்கை. பெட்டியில் இருப்பது வந்ததெல்லாம் இல்லை, தங்கியது. சில வீடுகளில் பணம் கொடுத்த கடிதங்களை ரசீதோடு வைத்துக்கொண்டு மறுத்ததை எரித்தார்கள். சில வீடுகளில் பெரிய மனிதர்களின் இரங்கலைப் பெருமைக்காக வைத்துக்கொண்டு சமையற்காரியின் இரங்கலைத் தூக்கிப் போட்டார்கள். காப்பகங்களும் யோக்கியர்கள் இல்லை: 1963இல் கென்னடி கொல்லப்பட்டபின் அவர் மனைவிக்கு ஏழு வாரத்தில் எட்டு லட்சம் இரங்கல் கடிதம் வந்தது, பிறகும் வந்து குவிந்ததில் பெரும்பகுதியை அழித்துவிட்டு ஒரு பங்கைத்தான் வைத்துக்கொண்டார்கள். எனவே "நூற்றுக்கு இத்தனை பேர் பெண்கள், இத்தனை பேர் ஊழியர்கள்" என்று எழுதுவதாக இருந்தால், எது எப்போது யாரால் கழிக்கப்பட்டது என்று காப்பகக்காரரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கையகப்படுத்தல் கோப்பு என்று ஒன்று வைத்திருப்பார்கள். கேட்காதவருக்குக் காட்ட மாட்டார்கள்.

பெயர்களை வெளியிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காகிதம் காப்பகத்துடையது, எழுத்தின் உரிமை எழுதியவர் வாரிசுகளுடையது. அமெரிக்கச் சட்டப்படி வெளியிடப்படாத கடிதத்துக்கு எழுதியவர் ஆயுளும் அதற்குமேல் 70 ஆண்டும். இறந்த தேதி தெரியாவிட்டால் எழுதியதிலிருந்து 120 ஆண்டு. ஆய்வேட்டில் சில வரி மேற்கோள் காட்டுவதில் பொதுவாகச் சிக்கல் வராது. முழுக் கடிதத்தை அச்சிடுவதென்றால் வழக்கறிஞரைக் கேளுங்கள், என்னை வேண்டாம். கையேந்தியவரின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். ஊரும் தொழிலும் போதும். கொள்ளுப்பாட்டி பிச்சை கேட்டு எழுதிய கடிதத்தைத் தேடுபொறியில் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

பத்து நாளில் செய்ய முடிந்தது: முதல் இரண்டு நாள் எதையும் ஊன்றிப் படிக்காமல், மூன்று பெட்டியிலும் பெயர், தேதி, ஊர், பின்பக்கக் குறிப்பு இவற்றை மட்டும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால் இரண்டு முறைக்கு மேல் வருகிறவர்கள் தெரிவார்கள். மிச்ச எட்டு நாளும் அவர்களுக்கு.

அந்தத் தையல்காரப் பெண்ணின் கடிதங்களை நான் பிறகு சேர்த்து வைத்துப் படித்தேன். முதல் கடிதத்திலேயே, இரங்கலின் நடுவில், "என் தம்பிக்கும் குளிர்காலத்தில் நெஞ்சு கட்டிக்கொள்ளும், அதனால் அய்யாவின் கடைசி வாரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று ஒரு வரி இருக்கிறது. பதினான்கு மாதத்துக்கு முன்பே விதை போட்டுவைத்தார் என்றும் படிக்கலாம். கேட்க நாக்கு எழாமல் பதினான்கு மாதம் பொறுத்திருந்தார் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. மூன்றாவது கடிதத்தின் பின்பக்கம் செயலாளரின் கையில் "இல்லை" என்று இருக்கிறது. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, நடுங்கும் வேறொரு கை "50" என்று எழுதியிருக்கிறது. அந்த மாதத்துக் கணக்குப் புத்தகத்தில் 50 டாலர் மூன்று இடத்தில் வருகிறது, எதற்கு எதிரிலும் பெயர் இல்லை. கலைத்ததைப் பழையபடி சேர்க்க முடியவில்லை. பெட்டி எண்கள் அதற்குள் அச்சாகிவிட்டன. மற்ற இரண்டும் எங்கே இருக்கின்றன என்று எழுதி மூன்று பெட்டியிலும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.